ரிப்கா என்று எழுதிய அங்கி

9 ஆகஸ்ட் 2021, திங்கள்

கிரானில் இருந்து வந்த நாலு மாதக் குழந்தைக்கு இன்று ஒரே குத்தில் சேலைன் ஏற்றும் கனுலா ஊசி போட்டேன். நீர் வற்றிப்போய் நரம்பே தெரியவில்லை. ரிப்கா இரண்டு தரம் குத்திப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். கணுக்காலுக்கு உள்பக்கமாக விரலால் தடவிப் பார்த்தேன். "என்ட மனே, இந்தா, இந்தா முடிஞ்சுது" என்று பெற்ற மகனைக் கொஞ்சுவது போலச் சொல்லி வாய் மூடுவதற்குள் ஏறிவிட்டது. தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ரிப்காவுக்கு வரவில்லை, எனக்கு வந்தது. இதை எழுதும்போது சந்தோஷமாக இருக்கிறது. இருக்கட்டுமே, என் நாட்குறிப்புக் கொப்பிதானே.

பதினேழு வருடமாகக் குழந்தைகள் வார்ட். அவளும் நானும் நேர்சிங் படித்தது ஒன்றாக, வேலைக்கு வந்தது ஒன்றாக. ஒக்டோபர் கடைசியில் எங்கள் வார்ட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் பென்சன் போகிறார். அந்தப் பதவி, அந்தக் கதிரை, எங்கள் இருவரில் ஒருவருக்கு. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் வார்ட் கூட்டுகிற பெண்ணுக்கும் அது தெரியும்.

12 ஆகஸ்ட், வியாழன்

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். பெரியவர்களின் ஐசியுவில் நேர்ஸ்மார் பாதிப் பேருக்குக் கொரோனா. எங்கள் வார்ட்டில் இருந்து ஆறு பேர் திங்கட்கிழமை தொடக்கம் அங்கே போகவேண்டும். ரிப்கா முதலாவது. நான், கேதீஸ்வரி, நாலாவது.

எந்த மொழியில் அடுக்கினாலும் கே ரிக்கு முன்னால்தான் வரும். அப்படியென்றால் அது பெயர் வரிசை இல்லை. வேறென்ன வரிசை?

16 ஆகஸ்ட், திங்கள்

பெரியவர்கள் எவ்வளவு பெரியவர்கள்! என் கை குழந்தைகளுக்குப் பழகிய கை. மாஸ்க், குழாய், பிரஷர் பார்க்கும் பட்டி எல்லாமே இங்கே எனக்கு யானைக்குத் தைத்தது போல இருக்கிறது. ஒருவரைக் குப்புறப் படுக்க வைக்க ஐந்து பேர் வேண்டும். எங்களுக்கு வேலை காட்டித் தருபவள் நிருஷா, இந்த ஐசியுவில் இருப்பவள், என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவரைப் பார்த்து, "ஆ காட்டுங்க பாப்பம், கெட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டேன். நிருஷா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று சிரித்தாள்.

ரிப்கா ஒரே நாளில் எல்லாம் பிடித்துக்கொண்டாள். "ரிப்கா மிஸ் பிறந்ததே ஐசியுவுல போல கிடக்கு" என்றாள் நிருஷா.

உள்ளே எல்லாரும் ஒரே வெள்ளை அங்கி, ஒரே முகமூடி. ஆளை அடையாளம் தெரிவதற்கு நெஞ்சிலும் முதுகிலும் மார்க்கர் பேனையால் பெயர் எழுத வேண்டும். உள்ளே இருந்து ஒரு கடதாசியும் வெளியே வரக்கூடாது. கண்ணாடிக்கு அப்பால் நிற்பவர் எங்கள் அங்கியில் உள்ள பெயரைப் பார்த்து, யார் என்ன செய்தோம் என்று வெளியே உள்ள கொப்பியில் பதிகிறார்.

18 ஆகஸ்ட், புதன்

கண் மட்டும் தெரிந்தாலும் அவள் அழகாக இருக்கிறாள். எனக்குக் கண் மட்டும் தெரிந்தால் களைப்பு மட்டும்தான் தெரிகிறது.

20 ஆகஸ்ட், வெள்ளி

இன்று இரவு பத்து மணியில் இருந்து நாடு முழுக்க ஊரடங்கு. கல்லடிப் பாலத்தில் பாஸைக் காட்டித்தான் இனி வேலைக்குப் போக வேண்டும்.

நேர்ஸ்மார் எல்லாருக்கும் மேலான மேட்ரன் வந்து கண்ணாடியில் தட்டி, ரிப்காவைப் பார்த்துப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன், ஒரு முழத் தூரம் இருக்காது. அந்த விரல் கொஞ்சமும் என் பக்கம் சரியவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே உடைக்காமலே நான் மருமகள்.

வீட்டில் இதையெல்லாம் சொன்னேன். பிரதீஸ் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஐசியுவுல பன்னிரண்டு நோயாளி எண்டாய். ஒருத்தர்ட பேரும் எனக்குத் தெரியாது. ரிப்கா என்ன சாப்பிட்டாள் எண்டு மட்டும் தெரியும்" என்றார். கட்டிய மனிசன் சொல்கிற கதையா இது? ஆனால் உண்மை.

24 ஆகஸ்ட், செவ்வாய்

நாலாம் கட்டிலில் நல்லரத்தினம், ஐம்பத்தெட்டு வயது, வாவியில் மீன் பிடிக்கிறவர். ஒக்சிசன் மாஸ்க்கோடு இருக்கிறார், பேச்சு இருக்கிறது, பயமும் இருக்கிறது. நான் மருந்து கொடுக்கப் போனால், "ரிப்கா மிஸ் வரல்லயா?" என்கிறார். வந்து ஒரு நாள்தான். அதற்குள்!

26 ஆகஸ்ட், வியாழன், பிற்பகல் மூன்று மணி

நேர்ஸ்மார் அறையில் இருந்து எழுதுகிறேன். மனது நிறைந்திருக்கிறது. முதலில் இருந்து எழுதுகிறேன்.

பத்து மணிக்கு உள்ளே போக வேண்டியது ரிப்கா. அங்கியில் பெயரும் எழுதி வைத்துவிட்டாள். திடீரென்று போனைப் பார்த்தாள், என் கையைப் பிடித்தாள். "கேதீஸ், இந்த முறை நீ போறியா கா? அடுத்தத நான் போறன். ஒண்ணும் கேக்காத." எனக்கு எரிச்சல்தான். பட்டியலில் முதலாவதாக வரத் தெரியும், முறைக்குப் போக மட்டும் நான் வேண்டும். ஆனாலும் போனேன். டியூட்டி லிஸ்ட்டைத் திருத்த நேரம் இருக்கவில்லை. அங்கிகளுக்கும் தட்டுப்பாடு, எழுதியதை வீணாக்க முடியாது. அவள் அங்கியையே போட்டுக்கொண்டேன். நெஞ்சிலும் முதுகிலும் ரிப்கா.

நாலாம் கட்டிலுக்குப் புதுச் சேலைன் போத்தல். மணித்தியாலத்துக்கு அறுபது மில்லி என்று டொக்டர் சொல்லியிருந்தார். சேலைன் ஓட்டுகிற மெஷின் எல்லாம் மற்றக் கட்டில்களில், அதனால் கண்ணால் துளி எண்ணி ஓடவிட்டேன். நல்லரத்தினத்துக்கு மூச்சு வாங்குவதை விடப் பயம்தான் கூட. கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி, தண்ணீர் கரண்டி கரண்டியாகப் பருக்கினேன். அவர் விக்கினார். வாய் தவறி வந்துவிட்டது, "மெதுவா, என்ட மனே, மெதுவா."

அவர் கண்ணால் தண்ணீர் ஓடியது. "என்ட அம்மா செத்து இருபத்தெட்டு வருஷம் மிஸ். அதுக்குப் புறகு ஆரும் என்னை மனே எண்டு கூப்பிடல்ல" என்றார். பிறகு என் நெஞ்சைப் பார்த்து எழுத்துக்கூட்டி, "ரிப்கா மிஸ், நல்லா இருக்கணும்" என்றார்.

நான் "ஓம்" என்றேன்.

முகமூடிக்குள் இருந்து கத்தி விளங்கப்படுத்துவது கஷ்டம். அது ஒரு காரணம். மற்றது, ரிப்காவாக இருந்தால் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் பார்க்க ஆசை. நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் ஆறாம் கட்டிலில் மெஷின் கத்தத் தொடங்கிவிட்டது, பன்னிரண்டரைக்கு வெளியே வரும்வரை அங்கேதான் நின்றேன்.

அதே நாள், மாலை ஆறரை

நல்லரத்தினத்தை மூச்சு மெஷினில் போட்டுவிட்டார்கள்.

இரண்டு மணிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியிருக்கிறது. நெஞ்சில் நீர். மாலை ஆறு மணி தாண்டியும் ஓட வேண்டிய போத்தல் ஒரு மணிக்கே காலியாம். நிருஷா சொன்னாள்.

அறுபது. அறுபது துளி எண்ணினேன். குழந்தைகள் வார்ட்டில் சின்னத் துளி போடும் குழாய், அங்கே மணிக்கு அறுபது மில்லி என்றால் நிமிடத்துக்கு அறுபது துளி, பதினேழு வருடமாக அதுதான் கணக்கு, நித்திரையிலும் வரும். இங்கே பெரிய குழாய். துளி மூன்று மடங்கு பெரிசு. இருபதுதான் எண்ணியிருக்க வேணும். இருபது. நிருஷா முதல் நாளே சொன்னவள். நான் கேட்டன். ஓம் எண்டு தலையும் ஆட்டின நான்.

கையைப் பிடிச்சுக்கொண்டு மனே எண்டு சொல்லிச் சொல்லியே மூண்டு மடங்கு தண்ணி ஏத்தியிருக்கன்.

28 ஆகஸ்ட், சனி

வெளியே உள்ள கொப்பியில், "10.15 – நாலாம் கட்டில், புதுச் சேலைன் – ரிப்கா." நிருஷாவின் எழுத்து. அங்கியில் இருந்ததைத்தானே அவள் எழுதுவாள். டியூட்டி லிஸ்ட்டிலும் ரிப்கா. ரிப்காவிடம் விளக்கக் கடிதம் கேட்கிறார்களாம்.

மேட்ரன் என்னைக் கடந்து போனார். வாயைத் திறந்தேன். "குட் மோர்னிங் மேட்ரன்" என்றேன்.

எப்படியும் ரிப்கா சொல்லிவிடுவாள், நான் உள்ளே போகவில்லை, கேதீஸ்தான் போனாள் என்று. சொல்லட்டும், அப்போது ஒத்துக்கொள்கிறேன். நானாக ஏன் முந்த வேண்டும்? இன்னும் ஒன்று. எழுதத்தான் வேண்டும். அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பிழை நிற்பதைப் பார்த்தபோது, ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்குள்ளே ஏதோ குளிர்ந்தது.

29 ஆகஸ்ட், ஞாயிறு

ரிப்காவின் வாப்பா காலையில் மௌத். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே கொரோனா வார்ட்டில் இருந்திருக்கிறார், ஐந்து நாள். எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. ஏறாவூரில் வீட்டுக்கும் கொண்டுபோக முடியாமல், கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்கும் ஓட்டமாவடியில் அடக்கம். இரண்டு பேரை மட்டும் போகவிட்டார்களாம்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அவள் போனது அங்கேதான். ஐசியுவில் இருக்கும் நாங்கள் வேறு வார்ட்டுக்குப் போகக்கூடாது என்பது கட்டளை. அதனால்தான், "ஒண்ணும் கேக்காத."

நான் அன்றைக்கு அவள் சோம்பல் படுகிறாள் என்று நினைத்தேன்.

6 செப்டெம்பர், திங்கள்

ரிப்கா தனிமைப்படுத்தலில் வீட்டில் இருக்கிறாள். விளக்கக் கடிதம் அனுப்பிவிட்டாள். "துளிக் கணக்கைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்." அவ்வளவுதான் எழுதியிருக்கிறாள் என்று நிருஷா சொன்னாள்.

போன் எடுத்தேன். "என்னத்துக்குகா அப்பிடி எழுதின?" என்று கத்தினேன். வாப்பா மௌத்தானதுக்கு ஒரு ஆறுதல் வார்த்தை சொல்ல முன்னம் கத்தினேன்.

அவள் சத்தமில்லாமல் சொன்னாள். "நீ அண்டைக்குப் போகாட்டி நான் வாப்பாவ உசிரோட பார்த்திருக்க மாட்டன் கேதீஸ். ரெண்டரை மணித்தியாலம் அவர்ட காலத் தடவிக்கிட்டு இருந்த நான். அதுக்கு மறுகா அவரு கண்ணே திறக்கல்ல. அதுக்கு முன்னால இந்தக் கடிதம் ஒண்ணுமில்ல."

நான் முகத்தைச் சுழித்துக்கொண்டு செய்த ஒரு காரியத்துக்கு இவள் தன் பெயரையே கொடுத்துவிட்டாள். பிழையையும் என்னிடம் இருந்து எடுத்துக்கொண்டு, அதிலும் நல்லவளாகிவிட்டாள். எனக்கு என்ன மிச்சம்? கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

11 செப்டெம்பர், சனி

நல்லரத்தினத்துக்குக் குழாய் எடுத்துவிட்டார்கள். பதினாறு நாள். உடம்பு பாதியாகிவிட்டது. டொக்டர் சொல்கிறார், அந்தத் தண்ணீர் ஏறாவிட்டாலும் அவர் மெஷினுக்குப் போயிருக்கக்கூடும், யாராலும் சொல்ல முடியாது என்று. கக்கூசுக்குள் போய் நின்று அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

நாலாம் கட்டிலை எனக்குப் போட வேண்டாம் என்று நிருஷாவிடம் கேட்டுக்கொண்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

25 செப்டெம்பர், சனி

நல்லரத்தினம் நேற்று வீட்டுக்குப் போய்விட்டார். இன்று அவருடைய மகள் முகநூலில் எழுதியிருக்கிறாள். பாதி மட்டக்களப்பும் பகிர்ந்துவிட்டது.

"எங்கட அப்பாவுக்கு மூச்சு முட்டின நேரம் கையைப் பிடிச்சுக்கொண்டு, கரண்டியால தண்ணி பருக்கி, என்ட மனே எண்டு கூப்பிட்ட ரிப்கா மிஸ்ஸுக்குக் கோடி நன்றி. அந்தக் குரல் காதுக்குள்ள கேட்டுக்கொண்டே இருந்ததாலதான் திரும்பி வந்ததாம் எண்டு அப்பா சொல்றார்."

நாலாயிரம் பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். மேட்ரனும் போட்டிருக்கிறார்.

மத்தியானம் நிருஷா ஓடி வந்தாள். "மிஸ், குடும்பமே இப்பிடிப் புகழேக்க விசாரணை என்னத்துக்கு எண்டு மேட்ரன் சொல்லிட்டாவாம். ரிப்கா மிஸ்ஸ விட்டுருவாங்க."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இனி ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. ரிப்காவுக்குத் தண்டனை இல்லை, கதிரையும் நிச்சயம். எனக்கும் பயம் இல்லை. நான் பேசாமல் இருந்தால் எல்லாம் நல்லபடியாக முடியும்.

ஆனால் அந்த "என்ட மனே" என்னுடையது.

26 செப்டெம்பர், ஞாயிறு

காலையில் இருந்து பதினொரு தரம் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டேன். பிரதீஸ் போனைப் பறித்து அலுமாரிக்கு மேலே வைத்தார். கதிரையைப் போட்டு ஏறிப் போனை எடுத்தேன்.

அவளுக்கு அழகு இருக்கட்டும், மேட்ரனின் பெருவிரல் இருக்கட்டும், சிஸ்டர் கதிரையும் போகட்டும். அந்த ஒரு சொல், பதினேழு வருடமாக நரம்பு தெரியாத குழந்தைகளுக்கு நான் சொல்லிச் சொல்லி வைத்த சொல், அதைக் கொண்டுபோய் அவள் பெயரில் எழுதினால்? அதைத் திருப்பிக் கேட்க வேண்டுமென்றால் போத்தலையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். இரண்டும் ஒரே இரண்டரை மணித்தியாலம்.

ரிப்காவுக்கு எடுத்தேன். நான் சொல்லப் போகிறேன் என்றால் அவள் வாப்பாவிடம் போனதும் வெளியே வரும். "சொல்லு கா" என்றாள். "எங்க போன எண்டு கேட்டா, வாப்பாவப் பார்க்கப் போன எண்டே சொல்லு. அதுக்கு எனக்கு வெட்கமில்ல." பிறகு, "அந்தப் பதிவ நானும் வாசிச்ச. உன்ட கதைதான் எண்டு முதல் வரியிலயே விளங்கிட்டு. எனக்கு மனே எண்டு சொல்ல வராதே கேதீஸ்" என்றாள்.

27 செப்டெம்பர், திங்கள்

மேட்ரனிடம் சொன்னேன். அங்கி, துளி, எல்லாம்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மூடின விசாரணைய ஏன் கேதீஸ்வரி திறக்கிறீங்க? ஒரு மாதம் வாய் திறக்கல்ல. ஆக்கள் நன்றி சொன்னதும் ஓடி வந்திருக்கிறீங்க. பிழைய ஏற்க வந்தீங்களா, பாராட்டு வாங்க வந்தீங்களா?"

"பாராட்டைக் கேட்டுத்தான் வந்தனான் மேட்ரன்" என்றேன். வேறு பதில் யோசித்து வைத்திருந்தேன், உண்மை முந்திக்கொண்டது. "பிழையும் என்டதான்."

 எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லி அவர் ஒரு வெள்ளைக் கடதாசியை என் பக்கம் தள்ளினார்.

20 ஒக்டோபர், புதன்

எச்சரிக்கைக் கடிதம் என்னுடைய கோப்பில் ஏறிவிட்டது. அனுமதியில்லாமல் வேறு வார்ட்டுக்குப் போனதற்கு ரிப்காவுக்கும் வாய்மொழியாக ஒரு எச்சரிக்கை. ஐசியுவில் இப்போது குழாய்ப் பெட்டிக்கு மேலே நிருஷா பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: "இது பெரிய துளி. மூன்றால் பிரி." அதைப் பார்க்கும்போதெல்லாம் என் பெயரைப் பார்ப்பது போல இருக்கிறது.

1 நவம்பர், திங்கள்

திரும்பவும் குழந்தைகள் வார்ட். சிஸ்டர் கதிரையில் ரிப்கா. "லீவு வேணுமெண்டா என்னட்டத்தான் கேக்கணும்" என்று கண்ணைச் சிமிட்டினாள். சிரித்தேன். வயிறு எரிந்தது. இரண்டும் ஒன்றாக.

15 நவம்பர், திங்கள்

உன்னிச்சையில் இருந்து ஒரு வயதுப் பிள்ளை, காய்ச்சல். திரைக்குப் பின்னால் நானும் தாயும். வெளியே ரிப்காவின் மேசைக்கு யாரோ வந்த சத்தம்.

"ரிப்கா மிஸ் ஆரு? நான் நல்லரத்தினம். உங்களுக்கு மீன் கொண்டு வந்த."

ரிப்கா ஏதோ சொன்னாள். அவர் கொஞ்சம் தடுமாறியது கேட்டது. "இது அந்தக் குரல் இல்லையே மிஸ்."

இந்த நேரத்தில் பிள்ளை காலை உதைத்தது. நரம்பு விரலுக்குள் வந்திருந்தது, விட முடியாது. "என்ட மனே, இந்தா, இந்தா முடிஞ்சுது."

வெளியே செருப்புச் சத்தம் திரைப் பக்கம் வந்து நின்றது.

கனுலாவை ஒட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் மீன் போட்ட பனையோலை உமலைப் பிடித்தபடி நின்றார். ஆள் மெலிந்து, சேர்ட் தோளில் தொங்கியது. ரிப்கா என்னைக் கை காட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

"அண்டைக்கு மனே எண்டு கூப்பிட்டது நான்தான் ஐயா" என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்த எவ்வளவு ஆசை. "சேலைனக் கூட ஓடவிட்டதும் நான்தான். உங்களுக்கு மூச்சு இழுத்தது அதாலயும் இருக்கும். என்ட பிழை."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார்.

"அப்ப ரெண்டும் நீங்கதானா மிஸ்?"

"ஓம் ஐயா."

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். உமலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். கதவு வரைக்கும் போனார். நின்றார். திரும்பி வந்து அதை மேசையின் நடுவில் வைத்தார், அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. "விடியப் பிடிச்ச மீன். பழுதாப் போயிரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே இரண்டு கொடுவா மீன்.

பெரியதை ரிப்கா எடுத்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.